கார்க் கூரையில் ஒட்டிய கறுப்புப் பட்டை

மன்னார்குடி
தை 27, திங்கட்கிழமை

அன்பு மகள் சௌந்தரத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முட்டிவலி போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை. நீயும் மாப்பிள்ளையும் பேரன் மகிழனும் அந்தக் கனடாப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு அது போதும். சம்பா அறுப்பு நம் பக்கம் முடிந்துவிட்டது, மார்கழியில் பெய்த மழையில் கொஞ்சம் சாய்ந்ததே தவிர மோசமில்லை. தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் உன் அம்மா பத்து வார்த்தை சொல்லிவிடுகிறாள். அதுவும் போக, நான் சொல்ல வந்த விஷயத்தை ஆரம்பித்தாலே நீ பேச்சை மாற்றிவிடுவாய். தாளில் எழுதினால் மாற்ற முடியாது பார். இதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கடைசி வரை படி.

போன வாரம் வீடியோவில் காரைக் காட்டச் சொன்னாயே, கூரையில் கறுப்பாக என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டதற்கு வெயிலுக்கு என்று சொன்னேன். அது பொய். அது காற்றுச் சத்தத்துக்கு. நீ வாங்கிக் கொடுத்த வண்டியில் கூரைக் கண்ணாடியைத் திறந்துகொண்டு ஐம்பது, அறுபதில் போனால் உள்ளே டம டம என்று ஒரு அடி, காதுக்குள் யாரோ பறை வைத்து அடிக்கிற மாதிரி. நாற்பதுக்குக் கீழே வராது, எண்பதுக்கு மேலேயும் அவ்வளவு தெரியாது, நம் ரோட்டில் எந்த வேகத்தில் போக முடியுமோ சரியாக அந்த வேகத்தில் வரும். ஏசி இருக்கும்போது எதற்குக் கூரையைத் திறக்க வேண்டும் என்று கேட்பாய். அதைத்தான் நானும் உன் அம்மாவும் உன்னிடம் மறைத்துவிட்டோம். காரில் பின்னால் உன் பெரியப்பா உட்கார்ந்து வருகிறார். ஏசிக் காற்று பட்டால் அவருக்கு இருமல் நிற்காது, பக்கத்துக் கண்ணாடியை இறக்கினால் ரோட்டில் காயப்போட்டிருக்கிற நெல்லின் தூசி தொண்டையில் ஏறுகிறது. அவருக்குத் தொண்டையில் கட்டி. மார்கழிக் கடைசியிலிருந்து தஞ்சாவூரில் கரண்ட் வைக்க, அதாவது ரேடியேஷன் கொடுக்க, கூட்டிக்கொண்டு போய் வந்தேன்.

கோபப்படாதே. அவர் உன் கல்யாணத்துக்கு வரவில்லை, பெரியப்பா என்று ஒருத்தர் எனக்கு இல்லை என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையை நீ உன் அம்மா சொல்லித்தான் கேட்டிருப்பாய், நான் வாய் திறந்ததில்லை. பைபாஸ் ரோட்டுக்கு நம் வயலில் அளவுக்கல் நட்டபோது ஊரே கல்லைப் பிடுங்கிப் போட்டது. உன் பெரியப்பா வாழ்நாள் முழுக்கக் கொடி பிடித்த கட்சிதான் அப்போது ஆட்சியில், இருந்தும் அவர் போராட்டத்துக்குத் தலைமை தாங்கித் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்தார். பத்தாம் நாள் நான் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷம் அரசாங்க பஸ் ஓட்டினவன், அரசாங்கம் எடுப்பது என்று முடிவு செய்தால் எடுத்துவிடும் என்று நினைத்தேன். தலைவர் வீட்டுத் தம்பியே போட்டுவிட்டான் என்று அடுத்த வாரத்துக்குள் பாதி ஊர் போட்டது. ஒரு ஆட்சியில் கல் நட்டார்கள், மறு ஆட்சியில் ரோடு போட்டார்கள். உன் பெரியப்பா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினவர்தான், இந்தச் சித்திரை வந்தால் ஒன்பது வருஷம். பெரியம்மாவும் போய்விட்டாள், மகன் திருப்பூரில், தனியாகக் கிடந்தார். அவருக்கு இப்படி என்று கேள்விப்பட்டதும் உன் அம்மாதான் போய், இது அவரு வண்டி இல்ல மாமா, சௌந்தரம் வண்டி, அவரு வெறும் டிரைவருன்னு நெனச்சுக்குங்க என்று சொல்லி ஏற்றிவிட்டாள். அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார் போல. வாசலில் ஏறும்போதும் ஆஸ்பத்திரியில் இறங்கும்போதும் என் முகத்தைப் பார்க்க மாட்டார், வண்டி ஓட ஆரம்பித்ததும் கண்ணாடியில் அவர் உதடு அசைவது தெரியும். என்னைத்தான் திட்டிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். ஒன்று ஒத்துக்கொள்கிறேன் பாப்பா, அந்தச் சத்தம் எனக்கு வசதியாக இருந்தது. கேட்காமல் போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. ஓட்டை பஸ்ஸிலேயே முப்பது வருஷம் கழித்தவனுக்கு இந்தச் சத்தம் ஒரு சத்தமா என்று வீம்பாக ஓட்டினேன்.

ஒருநாள் உன் அம்மா கூட வந்தாள். தஞ்சாவூர் போய் இறங்குவதற்குள் காதைப் பொத்திக்கொண்டு, இதுல ஒரு நோயாளிய வச்சு தெனம் ஓட்டுறீங்களே, நீங்க மனுஷனா என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஏசிவிட்டாள். அதற்கு அப்புறம்தான் தஞ்சாவூரில் கார் சாமான் கடை வைத்திருக்கிற அஹமது கபீரிடம் போனேன். திறந்த பாட்டில் வாயில் ஊதினால் சத்தம் வருகிறதே, அதே கதைதான் உங்கள் காருக்குள் நடக்கிறது என்றான். திறப்பின் முன் ஓரத்தில் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு பட்டை நின்றால் போதும், காற்று அதில் ஏறித் தாண்டிக் கூரைக்கு மேலேயே போய்விடுமாம், உள்ளே விழாதாம். டிஃப்ளெக்டர் என்கிறார்கள். நம் வண்டி மாடலுக்கு வரவழைத்துக் கொடுத்தான், நான் ஒட்டித் தருகிறேன் மாமா, ராத்திரி வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றான். இதை ஒட்ட ஒரு ஆளா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தால், உன் அம்மா தட்டோடு வந்து நின்றாள். வண்டிக்குப் புதுசாக ஒன்று சேர்க்கும்போது வெறும் கையோடு சேர்க்கலாமா என்று, எந்த இடத்தில் டேப் பிடிக்க வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். நான் துண்டால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு அதன் மேலேயே அழுத்தி ஒட்டினேன். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், ஒருநாள் ஓட்டக் கூடாது என்று கபீர் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருந்தது, மதிக்கவில்லை. அன்றைக்கே கிளம்பினோம். வடுவூருக்கு முன்னால் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்து, பறந்து போய் யாரோ காயப்போட்டிருந்த நெல்லில் விழுந்தது. இறங்கிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு திரும்பினால், உன் பெரியப்பா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். சாமி பூதம் என்றாலே கேலி பேசுகிற மனுஷர் அல்லவா, சந்தனத்தைப் பார்த்துவிட்டார். மறுநாள் கபீர் டேப்பைப் பிரித்துப் பார்த்து, மாமா, சாமி கும்பிட்டுட்டு ஒட்டலாம், சாமி மேலயே ஒட்டக் கூடாது என்றான். சந்தனமெல்லாம் சுரண்டித் துடைத்து, ஒட்டி, ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் வண்டியை வைத்திருந்துதான் கொடுத்தான்.

போன திங்கட்கிழமை காலையில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டி ஐம்பது தொட்டது, ஐம்பத்தைந்து, அறுபது. அந்த அடி வரவில்லை. மேலே எங்கோ ஸ் என்று மெல்லிசாக ஒரு காற்று, அவ்வளவுதான். எனக்கு முதுகெல்லாம் கூசியது, இனி அவர் திட்டுவது ஒன்றுவிடாமல் காதில் விழுமே என்று. பின்னாலிருந்து குரல் வந்தது. குரல் என்றா சொல்வது, சருகை மிதிக்கிற மாதிரி இருந்தது. தம்பி, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமாடா என்றார். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். என்னண்ணே சொன்னீங்க என்று கேட்டதற்கு, பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து தெனம் இதத்தான் கேக்குறேன், நீ காதுல வாங்குனாத்தானே என்றார். என் முகத்தைப் பார்த்துப் பேச முடியாதவர், என் பிடரியைப் பார்த்துக்கொண்டு தினமும் டீ கேட்டிருக்கிறார் பாப்பா. நான் தினமும் அவரைக் கடந்து போயிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

வடுவூரில் ஒரு கடையில் டீ வாங்கி நன்றாக ஆற்றிக் கொடுத்தேன், ஒரு டம்ளர் குடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கையெழுத்தைப் பற்றி அவராகவே பேசினார். நீ போட்டது தப்புதான், இன்னைக்கும் தப்புதான், ஆனா அதுக்கு ஒன்பது வருஷம் ரொம்ப ஜாஸ்தி என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, சொல்லுகிற ஆளும் இல்லை. அப்புறம் உன்னைப் பற்றிக் கேட்டார். உன் கல்யாணத்தன்று மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தாராம். வாசலில் நான் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன் இல்லையா, என்னைத் தாண்டித்தானே உள்ளே வர வேண்டும், அதற்கு மனசு வராமல் எதிர்ப் பக்கத்துச் சைக்கிள் கடை நிழலில் நின்று நாதஸ்வரம் நிற்கிற வரைக்கும் கேட்டுவிட்டுப் போனாராம். எனக்கும் அவருக்கும் இருந்த வீம்புக்கு உன்னைத் தண்டித்துவிட்டோம். அதில் என் பங்கும் இருக்கிறது, அவர் மேல் மட்டும் கோபத்தை வைக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் வைத்தும் கட்டி கரையவில்லை. மார்ச் ஐந்தாம் தேதி ஆபரேஷன், குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர், ஆனால் அதற்கு அப்புறம் பேச்சு வராது. அவருக்கும் தெரியும். இருக்கிற குரலும் நாளுக்கு நாள் குறைகிறது, நேற்று கேட்டது இன்று கேட்கவில்லை. யாரிடம் பேச வேண்டும் அண்ணே, போன் போட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். கட்சிக்காரர்கள் பேர் நாலைந்து சொன்னார். உன் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அங்க இப்போ மணி என்ன இருக்கும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

டெஸ்டுகளுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறோம். புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு வண்டியில் இருப்போம், உனக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது. என் போனுக்குக் கூப்பிடு, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். மகிழனையும் பக்கத்தில் உட்கார வை, தமிழில் தாத்தா என்று சொன்னால் போதும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், குறைவில்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

மறந்துவிடாதே, புதன்கிழமை. எடுத்ததும் நலமா, எப்படி இருக்கீங்க என்று நீ படபடவென்று ஆரம்பித்துவிடாதே. பெரியப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, பேசாமல் இரு. அவர் பேசட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
அமிர்தலிங்கம்