களரி நாளுக்கு மட்டும் ஒரு மாத்திரை

காக்கா,

நீங்கள் பாதி நாள் விழுங்காமல் விட்ட மாத்திரையை இன்று எனக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே போடுகிற கொலஸ்ட்ரால் மாத்திரையால் கெண்டைக்கால் குடைகிறது என்று மில்லர்புரம் டாக்டரிடம் சொன்னேன். அதன் அளவைக் குறைத்து, கூடவே இன்னொன்றைச் சேர்த்தார். மருந்துக் கடையில் அட்டையை வாங்கியதும் அடையாளம் தெரிந்துவிட்டது. உங்கள் சட்டைப் பையில் கிடக்குமே, அதே சின்ன வெள்ளை மாத்திரை.

காயல்பட்டினத்தில் உங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து களரி என்று உங்கள் ஊரில் சொல்லும் கல்யாண விருந்தின் கறியும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அட்டையை எடுத்துக் காட்டினீர்கள். "திங்குற கொழுப்பக் குடல்லயே மறிச்சு, ரத்தத்துல ஏறவிடாதாம். டாக்டர் சொல்லுதாரு."

இருபது வருஷம் உங்களை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு, உங்களோடு கூட்டாகக் கணவாயும் இறாலும் ஏற்றுமதி செய்தவன் நான். ஒரு சரக்கு என்ன வேலை செய்யும் என்று கேட்டதுமே, அதில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் புத்தி போகும்.

"அப்பம் களரி அன்னைக்குப் போட்டாப் போதுமே காக்கா. ரசஞ்சோறு திங்குற அன்னைக்கு எதுக்கு? கப்பலே வராத நாளு துறைமுகக் கேட்டுல ஆள் எதுக்கு நிக்கணும்?"

தட்டு குலுங்கச் சிரித்தீர்கள். "ஏலே, நீ மட்டும் டாக்டராயிருந்தா மருந்துக் கடைக்காரன் பூராவும் ஊரை விட்டே ஓடிருப்பான்."

அன்றிலிருந்து கறி தின்கிற நாளில் மட்டும்தான் போட்டீர்கள். ஒன்றரை வருஷம் கழித்து, ஐஸ் பிளான்ட் வாசலில் சரக்கு எடை போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழும்பவில்லை.

இன்று அதே யோசனையை டாக்டரிடம் கேட்டேன். கறி தின்கிற நாள் மட்டும் போட்டால் போதாதா?

பேனாவை மூடி வைத்தார். "சாப்பாட்டுல வர்ற கொழுப்பு கொஞ்சந்தான் அண்ணாச்சி. உங்க ஈரலே பித்தநீரோட கொழுப்ப தினமும் குடலுக்கு இறக்குது. பட்டினி கிடந்தாலும் இறக்கும். அது திரும்ப ரத்தத்துல ஏறாமலும் சேத்துத்தான் இது மறிக்குது. தினமும் போடணும்."

"அப்படி விட்ட ஒருத்தர் நெஞ்சு வலியில போயிட்டார் சார். அதனாலயா?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

கிளினிக்கை விட்டு ஸ்கூட்டரில் வருகிறேன். பின் சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற கனம். திட்டினாலாவது தேவலை. உப்பளத்து ஓரம் வண்டியை நிறுத்திவிட்டேன். அங்கேதான் உங்கள் மகன் நினைவு வந்தது. உங்கள் ரத்தம், அதே வியாதி, அதே மாத்திரை. போன லீவில் துபாயிலிருந்து வந்தபோது சொன்னான்: "வாப்பா வழிதான் சாச்சா. பிரியாணி திங்குற அன்னைக்கு மட்டும்." கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினேன், காக்கா. இந்தக் கையால்தான்.

துபாய்க்குப் போன் போட்டு, தினமும் போட வேண்டுமாம் என்றேன். சிரித்தான். "வாப்பா யோசிச்சுப் பண்ணினது சாச்சா. டாக்டருக்கு என்ன தெரியும்?"

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. "வாப்பா யோசிச்சது இல்லப்பா. நான் சொல்லிக் கொடுத்தது. தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்."

அவன் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"உம்மாக்குத் தெரியுமா?"

"இல்ல. சொல்லத்தான் இப்பம் அங்க கிளம்புதேன்."

"போகாதீங்க."

வியாபாரி பெற்ற பிள்ளை, நிபந்தனையை அவனே பேசினான். இனி ஒரு நாள் விடாமல் மாத்திரை போடுவான். மூன்று மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எனக்கு அனுப்புவான். நான் எப்போதும்போலப் பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்குப் போக வேண்டும், அவன் உம்மா பரிமாறுவதைச் சாப்பிட வேண்டும். இதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, நான் சாகிறவரைக்கும்.

சரி என்றேன்.