விரல்நக அளவில் ஒரு மூடி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பேட்டரி மாற்றும்போது காதுக்கருவியின் மூடி உடைந்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அது மூடினால்தான் கருவிக்கு உயிர் வரும். வலது காது என்னைச் சிறு வயதிலேயே கைவிட்டுவிட்டது. எல்லாம் இந்த இடது காதை நம்பித்தான்.

டேப் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பாதி வகுப்பில் டேப் பிரிந்துவிட்டது. கடைசி பெஞ்சு நெட்டைப் பெண் "பதினாறு" என்றாள். எனக்குப் "பதினாலு" என்று விழுந்தது. தப்பு என்று உட்காரவைத்தேன். மணி அடித்ததும் நோட்டை எடுத்து வந்து காட்டினாள், பாவம். பதினைந்து வருடமாகக் கணக்கு டீச்சர் நான்.

மார்ச் 8, சனி

கருவி வாங்கிய கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் எனக்காகப் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினாள்: இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், மூடி தனியாக வராது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் இவர் என் காதருகில் குனிந்து, "வாங்கிடலாம்மா, இதுல என்ன யோசனை?" என்றார்.

"பாத்திரத்து மூடி தொலைஞ்சா பாத்திரத்தையா தூக்கிப் போடுவோம்?"

அதற்கு அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இணையத்தில் துழாவியதில் ஒரு குழு அகப்பட்டது. பெயரே "தூக்கிப் போடாதீங்க". உடைந்த பொருளின் படத்தைப் போட்டால் யாராவது வழி சொல்கிறார்கள். நானும் மூடியைப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில்கள். ஒருவர் பசை போட்டு ஒட்டச் சொன்னார். ஏழு பேர் எழுதியது ஒரே வாக்கியம்: எனக்கும் இதே மூடிதான் உடைந்தது. ஏழு நல்ல கருவிகள் ஏழு வீட்டு மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கின்றன!

பல்சக்கரம் என்ற பெயரில் ஒருவர்: "என்கிட்ட முப்பரிமாண பிரிண்டர் இருக்கு. துல்லியமா அளந்து அனுப்புங்க, அச்சடிச்சுத் தபால்ல போடறேன்." முன்பின் தெரியாத ஆள். எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்?

மார்ச் 12, புதன்

இயற்பியல் சாரிடம் வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கி அளந்தேன். மூன்று தடவை அளந்ததில் மூன்று விடை.

"மூச்சை அடக்கிட்டு அளங்க டீச்சர்," என்றார் என் காதருகில் வந்து. அடக்கினேன். சரியாக வந்தது. படம் வரைந்து, எண்களை எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

மூடி வந்தது. பொருந்தவில்லை. 7.8 என்பதை நான்தான் 8.7 என்று எழுதியிருக்கிறேன். கணக்கு டீச்சர்!

மார்ச் 19, புதன்

எழுதவே கை வரமாட்டேங்குது. இவர் பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறி விழுந்துட்டார். மூணு தடவை கூப்பிட்டாராம். நான் பத்தடி தள்ளி, அடுப்பங்கரைல, பாத்திரம் கழுவிட்டு இருந்திருக்கேன். ஒண்ணும் கேக்கலை. தண்ணி குடிக்க வந்தவ தற்செயலாத்தான் பாத்தேன்.

கணுக்கால் சுளுக்குதான். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும்—

காரில் வரும்போது என் போனில் தட்டிக் காட்டினார்: "நான் கூப்பிட்டா உனக்குக் கேக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

எது சிக்கனம், எது பிடிவாதம்? அடுத்த மூடியும் பொருந்தாவிட்டால் மறுநாளே புதுக்கருவி. அவரிடம் சொல்லிவிட்டேன். பல்சக்கரத்துக்கும் சரியான அளவை எழுதிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

தபால் உறையில் இந்தத் தடவை மூன்று மூடிகள், மூன்றும் மயிரிழை வித்தியாசத்தில். "எதுவாவது ஒன்று மாட்டாமலா போகும்" என்று ஒரு துண்டுச்சீட்டு.

முதலாவது தளர்வு. இரண்டாவது 'டக்'கென்று உட்கார்ந்தது.

காதில் மாட்டினேன். விசிறி, குழாய் சொட்டு, தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம். கூடத்தில் காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு இவர் தனக்குத்தானே: "பரம்பரையே பிடிவாதம். அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கா."

"கேட்டுச்சு," என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். நானும்தான். கொஞ்சம் அழுகையும் வந்தது, அதை அவர் பார்க்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

நெட்டைப் பெண்ணை எழுப்பி, எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அன்னிக்கு நீ சொன்னது சரி. தப்பு என் பக்கம்." அவளுக்கு ஒரே வெட்கம். பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள், "இனிமே டீச்சருக்கு எல்லாம் கேக்கும்டி."

ஆமாம், கேட்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

திருத்திய வரைபடத்தைக் குழுவில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி போட்டு மூன்று வாரமாகிறது. அந்த ஏழு பேரோடு இன்னும் பலர் எடுத்திருக்கிறார்கள். இன்று கடல் தாண்டி ஒரு தையல்காரம்மா எழுதியிருந்தார்: "உங்கள் மூடி என் வீட்டுக்காரருக்குப் பொருந்திவிட்டது. பக்கத்து அறையில் என்ன பேசினாலும் பதில் சொல்கிறார். என் நிம்மதி போச்சு. ரொம்ப நன்றி."

இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கேட்டார்:

"அந்தக் குழுவுல நானும் சேரலாமா? நம்ம பழைய டேபிள் ஃபேன் பரண்ல கிடக்குதே."

சேர்த்துவிட்டேன். மத்தியானத்திலிருந்து சாப்பாட்டு மேசை முழுக்கத் திருகாணி, கம்பிச்சுருள், எண்ணெய்க் கறை. மூன்று ஊர்க்காரர்கள் அவருக்கு யோசனை சொல்கிறார்கள். அவர் நாலாவது ஆளுக்கு யோசனை சொல்கிறார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.