புரோக்கர் காரை இழுத்த மினி டிராக்டர்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையில்லை. உன் அப்பா முழுசாக இருக்கிறார், அது ஏன் பெரிய விஷயம் என்று போகப்போகத் தெரியும். போனில் சொல்லலாம்தான், நான் பாதி சொல்வதற்குள் அவர் பிடுங்கி "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்று வைத்துவிடுவார், அதனால்தான் காகிதம்.

நம் நிலத்துக்கு மினி டிராக்டர் வந்ததும் உனக்குப் படம் அனுப்பினாரே, கறுப்புக் கண்ணாடி போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி, நீயும் "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாய். ஆயுசு முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்து சாக்பீஸைத் தவிர எதையும் தூக்காத மனிதருக்கு சூப்பர் என்று சொன்னால் தலைகால் புரியுமா? வண்டியைக் கொண்டுவந்து இறக்கிய மெக்கானிக் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். உன் அப்பா "தெரியும் தெரியும்" என்று தலையாட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றிப் படம் எடுத்தார், கேட்டது நான்தான். முதல் நாள் பின்பக்கத்துப் புல்லை வெட்டினார், கூடவே என் ரோஜாச் செடிகளையும். கேட்டால் களை மாதிரி இருந்ததாம். அன்றைக்கே முடிவு பண்ணி, மதியம் அவர் குறட்டை விடும் நேரமாகப் பார்த்து நானும் ஓட்டிப் பழகிக்கொண்டேன், இது அவருக்குத் தெரியாது. அடுத்ததாக, வீட்டுக்கு வரும் பாதையில் மழைத் தண்ணீர் நிற்கிறதே என்று டிராக்டரை வைத்தே வாய்க்கால் வெட்டக் கிளம்பினார். சரிவு எத்தனை டிகிரி என்று காகிதம் காகிதமாகக் கணக்குப் போட்டார். தண்ணீர் அந்தக் கணக்கைப் படிக்கவில்லை போலிருக்கிறது, முதல் மழையிலேயே நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றது. கணக்கு சரிதானாம், தண்ணீர்தான் தப்பாகப் போகிறதாம்.

இனி உன் லட்சணத்துக்கு வருகிறேன். போன வாரம் மழை விட்ட மறுநாள் காலையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் நிலம் வாங்கி விற்கிற புரோக்கர், மடிப்புக் கலையாத பேன்ட், பளபள ஷூ. "நிலத்தை விலை பேச வந்திருக்கேன், பையன் சொல்லியிருப்பாரே" என்றார். பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். புரோக்கர் குடித்துக்கொண்டே, ஜன்னல் வழியாகக் கொட்டகையையும் வேலியையும் கண்ணாலேயே அளந்தபடி, "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு சார், பையன் ரொம்பக் கவலைப்படறாரு" என்றார். உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். புரோக்கரும் சங்கடத்தோடு கிளம்பி, காரைப் பின்னால் எடுத்தவர் அந்த வாய்க்காலிலேயே இறக்கிவிட்டார்.

அடடா, அப்போது உன் அப்பாவுக்கு வந்த உற்சாகம்! வயசான காலம் என்று சொன்னவர் கண்முன்னாலேயே காரைத் தூக்கிக் காட்டுகிறேன் என்று டிராக்டரை எடுத்துவந்தார். எதை இழுத்தாலும் அடியில் இருக்கிற கொக்கியில்தான் சங்கிலியை மாட்ட வேண்டும், மேலே மாட்டினால் முன்பக்கம் எழும்பி ஓட்டுகிறவர் மேலேயே வண்டி மல்லாந்துவிடும் என்று மெக்கானிக் படித்துப்படித்துச் சொன்னது படம் எடுத்தவர் காதில் எங்கே விழுந்திருக்கும். குனிய இடுப்பு வலி, மேலேயே மாட்டிவிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது டிராக்டரின் முன் சக்கரம் இரண்டும் தரையில் இல்லை. உன் அப்பா வானத்தைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிறார். "கிளட்ச்ச மிதிங்க" என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே தொண்டை கிழிந்துவிட்டது. மிதித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை மறுபேச்சு பேசாமல் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சக்கரம் தொப்பென்று கீழே வந்தது. அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, நான் சேற்றில் முட்டி போட்டுச் சங்கிலியை அடிக்கொக்கிக்கு மாற்றி, ஏறி உட்கார்ந்து மெதுவாக இழுத்தேன். கார் வந்துவிட்டது. வாயைப் பொத்தியபடி நின்ற உன் புரோக்கர் நன்றி சொல்லக்கூட மறந்து கிளம்பினார், ஷூவெல்லாம் சேறு, அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

நான் எப்போது ஓட்டக் கற்றேன் என்றுகூட உன் அப்பா கேட்கவில்லை. சாயங்காலம் தட்டை நகர்த்திவிட்டு, "அவன் சொல்றதும் சரிதானோ" என்றார். சக்கரம் மேலே போனபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லையடா. உன் கவலை பொய் என்று சொல்ல மாட்டேன், நடந்ததைப் பார்த்தால் நியாயமும் இருக்கிறது. ஆனால் கவலைப்படுகிறவன் எங்களிடம் கேட்பான், எங்களுக்குத் தெரியாமல் ஆள் அனுப்பமாட்டான். அவரைக் கேலி பண்ண நான் ஒருத்தி போதும், அதற்கு வெளியாள் வேண்டாம்.

மறுநாள் காலை அவரை எழுப்பி, வாய்க்காலைச் சரிபண்ணலாம் வாங்க, நீங்க அளங்க நான் ஓட்டறேன் என்றேன். ரொம்ப நேரம் முறைத்தார், பிறகு டேப்பைத் தேடினார். இந்தத் தடவை காகிதக் கணக்கு இல்லை, நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துக் குச்சி நட்டோம். நான் ஓட்ட, அவர் எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தபடி போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை ஆட்டினார். நேற்று மழை பெய்தது. தண்ணீர் வளைந்து வளைந்து குட்டையில் போய் விழுந்தது, குடையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எங்களால் முடியாத நாள் ஒன்று வரும், அன்றைக்கு நாங்களே உன்னைக் கூப்பிடுவோம், வெட்கப்பட மாட்டோம். அதுவரைக்கும் இரண்டு பேரும் சண்டையில்லாமல், நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் பண்ணு. நிலத்தைப் பற்றிப் பேசாதே, இந்தக் கடிதத்தைப் பற்றியும் மூச்சு விடாதே, வாய்க்கால் எப்படி வெட்டினீங்க என்று மட்டும் கேள். அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகும். வேலை இருக்கிறது என்று வைத்துவிடாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிரு, நீ செய்த காரியத்துக்கு அதுதான் தண்டனை.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் இன்னும் ஆறாத,
அம்மா