இருபது நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்
இன்று மூன்று பிரேதப் பரிசோதனைகள். இரண்டாவதிலேயே கத்தி மழுங்கிவிட்டது. உதவியாளரிடம் எரிந்து விழுந்தேன். "நேத்தே மாத்துறேன்னேன் சார், நீங்கதான் வேணாம்னீங்க" என்றார். உண்மைதான்.

மகளுக்குப் பிறந்தநாள். போனில் அவள் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 5
ஒரு நாள் தாமதமாக வாழ்த்து அனுப்பினேன். "ம்" என்று பதில். அந்த ஒற்றை எழுத்தை நாலு தடவை படித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
அவள் அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்கடியில் ஒரு செருப்பு, இடதுகால். ஜோடி அவளிடம் இருக்கிறதா, தொலைந்ததா? கேட்கலாம் என்று தோன்றியது. செருப்பை வைத்துப் பேச்சு ஆரம்பிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்! அவள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தத்துக்கு ஏங்குகிறேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 12
மனைவி போய் இன்றோடு இரண்டு வருடம்.

அன்று மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மாவுக்கு வலிச்சிருக்குமாப்பா?" முப்பது வருடமாக இறந்தவர்களின் சொந்தக்காரர்களுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னேன்: "மாரடைப்பு. ஒரு இருபது நிமிஷம் வலி இருந்திருக்கும்." அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் அறிக்கை வாசித்த மகாபுத்திசாலி நான். அந்த மாதமே வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாமோ? எனக்குப் பொய் வராது என்று பெருமை வேறு. ஆனால் சொல்லாமல் மறைக்க வருகிறதே — அதை இங்கேகூட எழுதக் கை வரவில்லை.

மார்ச் 18
ஒரு தையல்காரர் வந்தார். அவர் மனைவி சமையலறையில் விழுந்து இறந்தவர். காலையில் நான்தான் பரிசோதித்தேன். இதயம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "வலிச்சிருக்குமா சார்?"

நிமிடக் கணக்கு என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "நீங்க அப்போ எங்க இருந்தீங்க?" என்றேன்.

"பக்கத்து ரூம்லதான் சார். தைச்சுக்கிட்டு இருந்தேன். மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கூப்பிட்டிருப்பாளா சார்?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது, உடம்பு அதைச் சொல்லாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

அப்படியானால் என் பெண்? அவள் எங்கே இருந்தாள்? இரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டேனா?

மார்ச் 19
மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். எடுத்துவிட்டாள். நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. "அன்னிக்கு நீ எங்கம்மா இருந்தே?" என்றேன்.

"மாடியிலதான்பா. ஹெட்போன் மாட்டிக்கிட்டு படம் பாத்துட்டு இருந்தேன். நீ இருபது நிமிஷம்னு சொன்னியா... அதுல எந்தெந்த சீனுக்குச் சிரிச்சேன்னுகூட எண்ணிப் பாத்துட்டேன்."

ஐயோ, என் தங்கமே. இரண்டு வருடமாக இதையா சுமந்துகொண்டிருந்தாய்?

அப்புறம்தான் சொன்னேன். "அம்மா எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணியிருக்கா. நான் உள்ளே வேலையில இருந்தேன். போன் வெளியே அலமாரியில கிடந்துச்சு." பரிசோதனை அறைக்குள் யாரும் போன் கொண்டுவரக் கூடாது. விதி போட்டது நான்தான்.

"ஏன்பா சொல்லல?"

அழுகைதான் வந்தது. அந்தப் பக்கமும் அழுகை. இடைவேளை முடிந்து அரை மணி நேரம் ஆகியும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

மார்ச் 22, சனி
"என்ன சார், நீங்களே போனை உள்ளே கொண்டுவந்திருக்கீங்க?" என்றார் உதவியாளர். ஜன்னலோரம் வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு அடித்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தேன்.

"பஸ் ஏறிட்டேன்பா" என்றாள்.