பிறக்கும் முன்பே ஞானஸ்நானம்

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

பதற வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில், பாஸ்போர்ட்டோடு என் ஞானஸ்நானச் சான்றிதழையும் நீட்டித் தொலைத்தேன். அதில் ஞானஸ்நானத் தேதி மட்டும்தான் இருந்தது, பிறந்த தேதி எழுதப்படவில்லை. பின்னாளில் வேலைக்கு உதவும் என்று பள்ளியில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு எனக்கு ஒரு வயது குறைத்தீர்களே, அதனால் பாஸ்போர்ட்படி நான் பிறப்பதற்கு எட்டு மாதம் முன்பே ஞானஸ்நானம் ஆகியிருந்தது!

கண்ணாடி போட்ட அதிகாரி, இந்த ஊர்த் தமிழர், விழுந்து விழுந்து சிரித்தார். “ஏசு பொறந்த தேதியையே யாரும் எழுதி வைக்கல தம்பி. டிசம்பர் இருபத்தஞ்சுன்னு பல வருஷம் கழிச்சுதான் வச்சாங்க. மார்ச்சுல கரு உண்டாச்சுன்னு ஒன்பது மாசம் எண்ணினாங்கன்னு சிலர் சொல்றாங்க, சூரியன் வடக்கே திரும்புற நாள்னு வச்சாங்கன்னு சிலர். எனக்கு பாஸ்போர்ட் தேதி போதும்” என்று முத்திரை குத்தினார். அப்பாடா என்று இருந்தது.

பாஸ்போர்ட் தேதியில் அறை நண்பர்கள் கேக் வெட்டுகிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். நிஜத் தேதியை அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். நினைவில்லை என்றால் இருவரும் எண்ணிப் பார்த்து ஒன்று வையுங்கள். அம்மா என்றைக்கு போன் செய்கிறாளோ, அன்றைக்கு நான் பிறந்தேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் கிடங்கு வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் அவசரக்கார மகன்