சந்தை நாள் மாத்திரை

ஏப்ரல் 22, 2024

காலை எட்டு மணிக்குக் குளிர்பெட்டி நான்கு டிகிரி. பாம்புக்கடி மருந்து ஒன்பது குப்பி, இன்சுலின் பதினான்கு. ஜூனில் காலாவதியாகும் இருமல் மருந்தை முன்வரிசைக்கு மாற்றினேன். ஒரே மாதிரிப் பெட்டியில் வரும் இரண்டு மாத்திரைகளைத் தனித்தனித் தட்டில் வைத்தேன். சரியாக வைத்தேனா என்று மதியம் மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அரசாங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம், ஓய்வுக்குப் பிறகு இந்த மலை ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம். இன்னும் எதையும் இரண்டு முறை பார்க்கிறேன்.

நாளை மறுநாள் வளப்பூர் நாட்டுச் சின்னாயி மாத்திரை வாங்க வரும் நாள். மூட்டுவாதத்துக்கு மாதாமாதம் வருபவர்கள் பதினோரு பேர். மற்றப் பத்துப் பேர் என்றைக்கு வருவார்கள் என்று கேட்டால் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். இதை ஏன் எழுதுகிறேன்?

ஏப்ரல் 24

வந்தார். பச்சைச் சேலை. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஏனுங்க மருந்தய்யா, செத்துகித்துப் போனீங்களோன்னு நெனச்சன், இருக்கீங்க" என்றார். போன மாதமும் இதையேதான் சொன்னார். திருப்பிச் சொல்ல எனக்கு ஒன்றும் வருவதில்லை. "இருக்கேம்மா" என்றேன்.

அவருக்குக் கொடுப்பது மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரு நாள், ஒன்றே ஒன்று. அடிக்கடி போட்டால் உயிருக்கே ஆபத்து. படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்து உறைமேல் படம் வரைவது என் வழக்கம். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. வாரம் ஒரு நாளுக்கு என்ன வரைவது? இங்கே மலைமேல் செம்மேட்டில் வாரம் ஒரே ஒரு சந்தை. அதனால் தராசு வரைவேன். "சந்தை அன்னிக்கு மட்டும்" என்று வாயாலும் சொல்லிவிடுவேன். முதல் தடவை அந்தத் தராசைப் பார்த்து, "இதென்னங்க, தேளுங்களா?" என்று கேட்டவர் அவர்.

இன்று, "பலாச் சீசனுங்க. பையனோட வண்டியில பழம் விக்கக் கீழ போயிருவேன். ஆடி வரைக்கும் சேத்துக் குடுத்துருங்க சாமி" என்றார். டாக்டர் எழுதியது நான்கு வாரத்துக்கு. மறுத்திருக்க வேண்டும். என் வாய் "சரிம்மா" என்றது. பன்னிரண்டு மாத்திரை கொடுத்தேன்.

அவர் பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது — இனி பன்னிரண்டு வாரம் வரமாட்டார்.

மே 3

குளிர்பெட்டி ஐந்து டிகிரி. மழை. ஜன்னலில் யாரோ "ஏனுங்க" என்றார்கள். நிமிர்ந்தேன். வேறு யாரோ.

மே 9

மனைவி இறந்து ஒன்பது வருஷம். அவள் இருந்தபோதும் நான் அதிகம் பேசியதில்லை. அந்தக் குறை அவளோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது அறுபத்தெட்டு வயதில், நாள்காட்டியில் ஆடியைப் புரட்டிப் பார்க்கிறேன். வந்தால் மட்டும் என்ன பேசப் போகிறேன்? "சாப்பிட்டுட்டுப் போடுங்க." அவ்வளவுதான். ஆனாலும் வரட்டுமே.

மே 16

வந்தார். நடந்து வரவில்லை. இந்த ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும் என்றாராம்; கீழேயிருந்து மகன் செல்லமுத்து தூக்கிக்கொண்டு வந்தான். கடுமையான காய்ச்சல். வாய் முழுக்கப் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. இரத்தத்தில் வெள்ளையணு மிகக் குறைவு. டெங்குவாக இருக்கும் என்றார் டாக்டர் மேகலா. சீட்டு என்னிடம் வந்தது. காய்ச்சல் மருந்தும் குளுக்கோஸும் எடுத்து வைத்தேன். வாய்ப்புண். வெள்ளையணு. மெத்தோட்ரெக்சேட் அளவு மீறினாலும் இந்த இரண்டும் வரும். கை நின்றுவிட்டது.

வார்டுக்குப் போனேன். "அம்மா, அந்த மஞ்சள் மாத்திரையை எப்பப்ப போட்டீங்க?"

நாக்கு புரளாமல் சொன்னார். "நீங்க சொன்னாப்பலதானுங்க. சந்தை அன்னிக்கு மட்டும்."

"எந்தச் சந்தைம்மா?"

செல்லமுத்து குறுக்கே வந்தான். "கீழ நமக்கு வாரத்துல அஞ்சு சந்தைங்க. நாளுக்கு ஒரு ஊரு. ஆத்தா ஒண்ணு விடல. நாந்தான் தண்ணி மோந்து குடுத்தன். தீந்து நாலஞ்சு நாளாச்சுங்க."

ஐயோ. அவ தப்பே பண்ணலியே. நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்கா.

மருந்தறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். டாக்டர் எழுதியது நான்கு. நான் கொடுத்தது பன்னிரண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். டெங்கு என்றே போய்விடலாம். ஆமாம், அப்படியும் நினைத்தேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? கடிகாரத்தைப் பார்த்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அந்த நான்கு நிமிடம் அவருடையது.

பேச வராது என்று தெரியும். ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன்: "அதிகமாகக் கொடுத்தது நான். தவறாகச் சொன்னதும் நான். பன்னிரண்டு மெத்தோட்ரெக்சேட்டும் மூன்று வாரத்துக்குள் போட்டிருக்கிறார். அதை முறிக்கும் மருந்து லூக்கோவோரின் நம்மிடம் இல்லை. உடனே நாமக்கல் அனுப்ப வேண்டும்."

படித்தார். "நீங்க சொல்லலைன்னா நான் டெங்குன்னே பாத்துட்டு இருந்திருப்பேன் சார்" என்றார். திட்டியிருக்கலாம்.

செல்லமுத்துவிடமும் நானே சொன்னேன். சட்டையைப் பிடித்தான். "படிச்ச மனுசன்தானய்யா நீ?" ஆம்புலன்ஸ் கிளம்பியதும், மலைப்பாதையை ஒவ்வொரு வளைவாக மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். எழுபது வளைவு. அந்தப் புண் வாயோடு.

மே 17

மற்றப் பத்துப் பேர் உறையிலும் தராசு இருக்கிறது. விடுப்பு எடுத்து அரியூர் நாட்டுக் கிராமங்கள் வரை போய் ஆறு பேரைப் பார்த்தேன், நான்கு பேருக்குப் போன் செய்தேன். எல்லோரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். பிழைத்தார்கள். எல்லோருக்கும் கிழமையைச் சொல்லி, அதை வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் திருப்பிச் சொல்லும்வரை நகரவில்லை.

நாமக்கல்லில் இருந்து தகவல் இல்லை.

மே 18

ஊசி போடுகிறார்கள். காய்ச்சல் விடவில்லை.

மே 19

ஒன்றும் தெரியவில்லை. வரவே வேண்டாம், அவர் உயிரோடு இருந்தால் போதும். என் ஜன்னலுக்கு வராவிட்டாலும் எங்கேயாவது ஒரு சந்தையில் உட்கார்ந்து பலாச்சுளை விற்றுக்கொண்டு, யாரையாவது கேலி பேசிக்கொண்டு.

மே 21

வெள்ளையணு ஏறுகிறதாம். டாக்டர் மேகலா ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். குளிர்பெட்டி எத்தனை டிகிரி என்று இன்று பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவை.

ஜூன் 11

நிர்வாகத்தின் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம்தான். வேலை இருக்கிறது. சின்னாயிக்கு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடிவாரத்தில் மகன் வீட்டிலேயே இருக்கிறார். இனி மருந்தெல்லாம் நாமக்கல்லில்தான். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'மாற்றம்' என்று எழுத வேண்டும். பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

ஜூன் 20

போய்ப் பார்க்கலாமா? எந்த முகத்தோடு? மகன் அடித்தால்? அடிக்கட்டும். அதற்குப் பயமில்லை. அவர் பேசாமல் திரும்பிக்கொண்டால்?

ஜூலை 6

போனேன்.

வாசலில் செல்லமுத்து. என்னைப் பார்த்தான். உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டான்.

சின்னாயி பாதியாக இளைத்திருந்தார். முடி கொட்டி, தலையில் துண்டு சுற்றியிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். "என் தப்பும்மா. மன்னிக்கணும்."

"ஆமா, உங்க தப்புதான். அதச் சொல்ல ரெண்டு மாசங்களா?"

"பயமா இருந்துச்சு."

"ஏனுங்க, நானென்ன புலியா? இப்ப மட்டும் என்னத்துக்கு வந்தீங்களாம்?"

மருந்து, உணவு, ரத்தப் பரிசோதனை என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. "உங்களப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றேன். என் குரல்தான்.

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு அடுப்படியில் இருந்த மருமகள் பக்கம் திரும்பி, "கண்ணு, ஒலையில இன்னொரு ஆளுக்கு அரிசி சேத்துப் போடு" என்றார்.

மலைக்கு இரண்டு மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஐந்தே காலுக்குத்தான். கிளம்பும்போதே குறித்து வைத்திருந்தேன். இரண்டு மணிக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.