கா.கொ. – மூன்று மணி நேரம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனதிலிருந்து போனை நீ எடுப்பதில்லை. தபால்காரரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள உனக்கு மனசு வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வீடு புதுப்பிக்கும் நம் தொழிலுக்குப் பதினெட்டு வருஷமாக நீ போட்ட எஸ்டிமேட் நோட்டுகள் முப்பத்தொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். ஓடு பெயர்ப்பது, குழாய் மாற்றுவது என்று வேலைக்கு ஒரு வரி. எத்தனை ஆள், எத்தனை மணி, என்ன சாமான். "இனிமே கம்ப்யூட்டரே போட்டுடும், அக்கா எதுக்கு?" என்று ஆட்கள் முன்னால் வாயை விட்டேனே, அந்த வாய் செய்த பாவத்தை என் ஒற்றை விரல் அனுபவித்தது. ஆனால் முடித்துவிட்டேன்! மெச்சிக்கொள்.

உன் தம்பி

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மெச்ச வேண்டாம்.

ரிடையரான தலைமையாசிரியை வீட்டுச் சமையலறைக்கு அலமாரி மாற்றும் வேலை. கம்ப்யூட்டர் போட்ட முதல் எஸ்டிமேட்டை நீட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்ப்பா, அலமாரி மாட்ட எதுக்குச் சுவத்துல காரை கொத்தணும்? அதுவும் மூணு மணி நேரம்?"

"அது... ஒரு முறைங்கம்மா."

"அண்ணே, இது பலகைச் சுவருண்ணே. காரையே கிடையாது" என்றார் நம் தச்சர். காட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா?

நடந்தது இதுதான். உன் நோட்டில் எல்லா வேலைக்கும் கீழே 'கா.கொ. – 3 மணி' என்று இருக்கிறது. காரை கொத்தல் என்று நானே முடிவுகட்டி, கம்ப்யூட்டரில் ஒரே தட்டாகத் தட்டி நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில் மாற்றிவிட்டேன். ஜன்னல் திரை மாட்டவும் காரை கொத்தியிருக்கிறேன், அக்கா! கா.கொ. என்றால் என்னதான்?

அசட்டுத் தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

வயிறு வலிக்கச் சிரித்ததால்தான் இந்தப் பதில். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

கா.கொ. என்றால் காது கொடுத்தல். உடைப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் பேசுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுவும் வேலைதான். கேட்காமல் நீ இடித்த குளியலறையை இரண்டு தடவை கட்டினோம். நான் கேட்கப் போனதைத்தான் "அக்கா ஊர்வம்பு பேசப் போயிருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாய்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தலைமையாசிரியை வீட்டில் மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் பெண்டாட்டி இன்னும் நம்பவில்லை. இரண்டாவது மணியில்தான் அந்த அம்மா சொன்னார்: முட்டி வலி, ஒரு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் சமைக்கிறாராம். நான் அலமாரியைத் தலைக்கு மேலே வரைந்திருந்தேன்! இப்போது எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில்.

நானூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஆட்கள் முன்னால் சொன்னதை ஆட்கள் முன்னாலேயே வாபஸ் வாங்கினேன். தச்சர் தேவைக்கு மேலேயே கை தட்டினார்.

இத்தனை வருஷம் என் சுத்தியலால்தான் பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் காதால் பிழைத்திருக்கிறோம். நன்றி, அக்கா. உன் நாற்காலி காலியாகவே இருக்கிறது. வந்துவிடு.

தம்பி

ஏப்ரல் 9

என் அருமைத் தம்பிக்கு,

நாற்காலியை வேறு யாருக்காவது கொடு. நான் இங்கே நீச்சல் கற்றுக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் மிதக்கிறேனடா! நீ அன்றைக்கு வாயை விட்டிருக்காவிட்டால் இன்னும் ஓடு எண்ணிக்கொண்டிருப்பேன். அதற்கு உனக்குத்தான் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நாலு நாள் தங்குவேன். வேலைக்கு இல்லை, உன்னைப் பார்க்க.

அக்கா